ஒன்பது மாசம் ஆறு நாள்

"எழுதினது எழுதினபடி இருந்துட்டுப் போகட்டும். உன்னை யாரு இப்ப நோட்டைத் தொறக்கச் சொன்னா?"

மலர்கொடியின் சத்தம் பால் சொசைட்டி வரைக்கும் போனது. அங்கே கேனோடு வரிசையில் நின்றவர்கள் பாலை மறந்தார்கள். கேட்காதது போல முகத்தை வைத்துக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்பதில் அந்தத் தெருவை மிஞ்ச பெரம்பலூர் மாவட்டத்திலேயே ஆள் கிடையாது. அவர்கள் முதலில் பிடித்துக்கொண்டது நோட்டுப் பேச்சை அல்ல, 'உன்னை' என்ற சொல்லைத்தான். புருஷனுடைய அக்கா ஜெயசுதாவை இருபத்தாறு வருஷமாக "வாங்க அண்ணி, உக்காருங்க அண்ணி" என்று கூப்பிட்ட வாய் அது. அன்று காலை ஆறேமுக்கால் மணிக்கு 'நீ'க்கு இறங்கிவிட்டது. ஏழு மணிக்குள் இது மேலத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. என்ன சண்டை என்பது எட்டு மணிக்கு மேல்தான் தெரிந்தது.

"மெதுவாப் பேசு மலரு" என்றாள் ஜெயசுதா. அவள் சொன்னதும் மெதுவாக இல்லை.

"என் புருஷன் மண்டை பொளந்தப்ப அவன் வயசை யாராச்சும் கேட்டாங்களா? மூணு மாசம் கொறச்சலா இருந்தா குழாய்க்கு வெயிட்டு கொறஞ்சிருமா?"

"கொறையாது. அவனைத் தூக்குல போடுன்னு மொதல்ல ரோட்டுல உக்காந்தவ நான்தான். இன்னிக்கும் எனக்கு மனசு ஆறல. ஆனா பேப்பர்ல இருக்கிற அவன் வயசுல ஒம்பது மாசம் அவனுது இல்ல, நான் போட்டது. அதை வச்சு அவனைத் தூக்குல போட்டா அது கோர்ட்டு போட்ட கயிறு இல்ல மலரு, நான் போட்டது."

மலர்கொடி சத்தத்தைத் தணித்து, அந்தத் தெரு அதற்குப் பிறகு பல மாதம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்த வார்த்தையைச் சொன்னாள்.

"நீ கோர்ட்டுல போயி அதைச் சொன்னா, உன் பொண்ணு என் வூட்டுக்கு மருமவளா வரமாட்டா."

சொசைட்டிக்காரர் அப்போதுதான் பால் ஊற்ற ஆரம்பித்தார்.

*

கதை இரண்டு தீபாவளிக்கு முன்னால் தொடங்கியது.

ரஞ்சன்குடிக் கோட்டைக்கு மேற்கே கரிசல் காட்டில் சின்ன வெங்காயம் போட்டவர்களில் ஜெயசுதாவின் தம்பி வீரமணியும் ஒருவன். பிடுங்கின வெங்காயத்தை உடனே விற்பவன் ஏமாளி என்பது அந்தப் பக்கத்துக் கணக்கு. தாளோடு வயலிலேயே குவித்து, சோளத்தட்டையால் மூடி, பட்டறை போட்டு, விலை ஏறும்வரை பக்கத்தில் கட்டில் போட்டுக் காவல் படுப்பார்கள். அந்த வருஷம் ஐப்பசியில் விலை ஏறியது. விலை ஏறினதும் மூன்று பேர் லோடு ஆட்டோவோடு வந்தார்கள். வீரமணி விழித்துக்கொண்டான். காலையில் மலர்கொடி டீத் தூக்கோடு போனபோது பட்டறையில் பாதியைக் காணோம், கட்டிலுக்குக் கீழே புருஷன் கிடந்தான்.

மூன்று பேரும் ஐந்தாம் நாள் பிடிபட்டார்கள். இரண்டு பேர் வெளியூர், இருபத்து நாலும் இருபத்தாறும். மூன்றாவது ஆள் உள்ளூர்தான், பருத்தி எடுக்கப் போகும் வேணியின் மகன் பரணிதரன். இரும்புக் குழாயால் அடித்தது அவன். போலீஸிடம் அவனே சொன்னான், குழாயையும் அவனே எடுத்துக் கொடுத்தான். இதில் யாரும் யாரையும் மாட்டிவிடவில்லை, அதனால் ஊருக்குச் சந்தேகப்பட ஒன்றும் கிடைக்கவில்லை. ஊருக்கு அது ஒரு குறைதான்.

மறுநாள் சாலை மறியல். சென்னை போகிற பஸ்ஸெல்லாம் ஒன்றரை மணி நேரம் நின்றன. நடு ரோட்டில் முதல் வரிசையில் ஜெயசுதா. அவள் கையில் 'கொலைகாரர்களுக்குத் தூக்கு' என்று எழுதிய அட்டை. பால்வாடி சுவரில் 'அ - அணில்' எழுதுகிற அதே குண்டு எழுத்து, நாலு பக்கமும் ஸ்கேல் வைத்து மார்ஜின் வேறு போட்டிருந்தாள். தம்பியைப் பறிகொடுத்த அழுகையிலும் கோடு கோணலாகப் போகவில்லை. பேப்பர்க்காரன் அந்த அட்டையைத்தான் படம் பிடித்தான்.

ஜெயசுதா அப்படிப்பட்டவள். முப்பது வருஷமாக ஊர்ப் பால்வாடியின் டீச்சர். முப்பது வயதுக்குக் கீழே இருக்கிற யாரும் அவள் தராசுத் தொட்டிலில் தொங்காமல் வளர்ந்தவர்கள் இல்லை. மீசையை முறுக்கிக்கொண்டு புல்லட்டில் போகிறவனை நிறுத்தி, பின்னால் புதுப்பெண்டாட்டி உட்கார்ந்திருப்பதையும் பார்க்காமல், "ரெண்டு வயசுல எட்டு கிலோதான்டா இருந்தே, மஞ்சக் கோட்டுக்குக் கீழ கெடந்தே" என்று சொல்லிவிட்டுப் போவாள். தப்பு என்பது மற்றவர்கள் செய்வது, திருத்துவது தன் வேலை, என்று அவள் நினைத்தாள். அதை அவளுடைய வீட்டுக்காரர் நடராசன் கல்யாணமான முதல் வாரமே ஒப்புக்கொண்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு நோட்டு நிறையாது.

பரணிதரனும் அவள் பிள்ளைதான், அவள் போட்ட முட்டையைத் தின்று வளர்ந்தவன்தான். அதைச் சொல்லித்தான் அவள் அதிகம் கொதித்தாள். சோறு போட்ட கை வீட்டுத் தாலியையே அறுத்தானே என்று. ஸ்கூல் சர்டிபிகேட்டில் அவன் பிறந்த தேதி 20.5.2005. கொலை நடந்த அன்று பதினெட்டு முடிந்து ஆறு மாதத்துக்கு மூன்று நாள்தான் குறைச்சல். பெரியவன்தான். மற்ற இரண்டு பேரோடு அவன் கேஸும் பெரம்பலூர் கோர்ட்டில் ஒன்றாகவே நடந்தது. அரசு வக்கீல் தூக்குக் கேட்கப்போகிறார் என்று பேச்சு. மலர்கொடி ஒரு வாய்தா விடாமல் போனாள், ஜெயசுதாவும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனாள்.

*

வேணிக்கு இலவச வக்கீல் ஒருவரைக் கோர்ட்டே கொடுத்திருந்தது. சின்னதுரை என்று பெயர். ஒல்லி, பழைய ஸ்கூட்டர், எதையும் இரண்டு தரம் கேட்பார். அவர் வேணியிடம் மகன் எப்போது பிறந்தான் என்று கேட்டார். அவளுக்குத் தேதி தெரியவில்லை. தேர் தெரிந்திருந்தது.

வேணி பிறந்த ஊர் அரியலூருக்கு அந்தப் பக்கம், கல்லங்குறிச்சிக்கு அடுத்தது. பிரசவம் தாய் வீட்டில், வண்டி வருவதற்குள் வீட்டிலேயே நடந்துவிட்டது. பதிவு பண்ண யாரும் போகவில்லை. கல்லங்குறிச்சிப் பெருமாள் தேருக்குப் பிள்ளை நாற்பது நாள் என்று மட்டும் அவளுக்கு நினைவு. எந்த வருஷத் தேர் என்று வக்கீல் கேட்டதற்கு, மழையே இல்லாமல் கடலை பொய்த்ததற்கு அடுத்த வருஷம் என்றாள். அதைக் கோர்ட்டில் எப்படிச் சொல்வது என்று சின்னதுரைக்குத் தெரியவில்லை.

இந்தப் பேச்சு ரேஷன் கடைக்கு வந்து சேர்ந்தது. அன்று பாமாயில் போட்ட நாள், இருபது பேருக்குக் குறையாது. வேணி தயங்கித் தயங்கி ஜெயசுதாவிடம் வந்தாள். அவள் பக்கத்தில் நின்ற பெண்கள் ஒரு அடி விலகினார்கள். விலகினவர்கள் காதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு விலகினார்கள்.

தேருக்கு மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்ததாகவும், டீச்சர்தான் முதல் எடை போட்டதாகவும், அது நினைவிருக்கிறதா என்றும் வேணி கேட்டாள். கெஞ்சவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். ஜெயசுதாவுக்கு அதுவே ஆத்திரம்.

மகனைக் காப்பாற்ற ஒரு தாய் எதை வேண்டுமானாலும் சொல்லுவாள், அதற்காகப் பிறந்த வருஷத்தையே மாற்றுவதா என்று ஆரம்பித்தாள். ஸ்கூலுக்கு லிஸ்ட் எழுதி அனுப்பினதே தான்தான், தன் கை எழுதாமல் இந்த ஊரில் ஒரு பிறப்பு உண்டா என்று கேட்டாள். தராசு, தொட்டில், கணக்கு என்று பத்து நிமிஷம் போனது. கடைசியில் வரிசையைப் பார்த்துத் திரும்பி, எல்லாருக்குமாகச் சொன்னாள்.

"நாளைக்கே நோட்டை எடுத்தாந்து இதே எடத்துல காட்டுறேன். அப்ப இவ என்ன பேசுறான்னு பாப்போம்."

வேணி பாமாயில் வாங்காமலேயே போய்விட்டாள். ஜெயசுதா இரண்டு பாக்கெட் வாங்கினாள், நிமிர்ந்த தலையோடு வீடு வந்தாள்.

பால்வாடிக் கட்டடம் ஒழுகும் என்பதால் பழைய நோட்டெல்லாம் அவள் வீட்டுப் பரண்மேல் தகரப்பெட்டியில் இருந்தன. நடராசன் ஏறி எடுத்துக் கொடுத்தார். தட்டில் போட்ட சோறு ஆறிக்கொண்டிருக்க, அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினாள். பரணிதரன் பக்கம் கிடைத்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடு ஓடுகிற எடைப் படம், பச்சை நல்ல எடை, மஞ்சள் குறைச்சல். மேலே அவளே எழுதியது: 'தாய் வேணி. ஆண். பிறந்தது 26.2.2006, தாய்வீட்டில்.' ஏப்ரலில் முதல் புள்ளி, மூன்றே கால் கிலோ. அதிலிருந்து மாதம் ஒரு புள்ளி, மஞ்சள் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனது. பருத்திக்காகத் தாய் வெளியூர் போன இரண்டு மாதத்துக்கு 'வரவில்லை' என்று குறிப்பு. கடைசிப் புள்ளி 2010 மே. 'வயது 4, மாதம் 3.'

அடுத்த பக்கத்தில் அதே மாதம் ஸ்கூலுக்கு அனுப்பின லிஸ்டின் கார்பன் காப்பி. 'பரணிதரன், 20.5.2005.' அதுவும் அவள் கைதான். கோணலில்லாத குண்டு எழுத்து.

அவனுக்கு மட்டுமில்லை. லிஸ்டில் ஏழு பிள்ளைகளுக்கு ஒரே பிறந்தநாள்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் வந்தது. அந்த வருஷம் ஸ்கூலில் ஒன்றாம் வகுப்புக்கு ஆள் இல்லை. ஆள் குறைந்தால் பக்கத்து ஊர் ஸ்கூலோடு சேர்த்துவிடுவார்கள் என்று பெரிய வாத்தியார் பயந்துகொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் மிக்சர் பொட்டலத்தோடு பால்வாடிக்கு வந்தார். ஐந்து முடியாதவர்களையும் அனுப்புங்கள், தேதியை மட்டும் பார்த்துப் போட்டுக்கொடுங்கள் என்றார். அந்தப் பக்கத்தில் எந்தப் பால்வாடியும் செய்கிற வேலைதான். பாதி மாவட்டத்துக்கு மே மாதம்தான் பிறந்தநாள். ஜெயசுதா இருபதாம் தேதியைத் தேர்ந்தெடுத்தாள், எழுத வசதியாக இருந்தது. ஸ்கூலைக் காப்பாற்றினவள் என்று அடுத்த ஆண்டு விழாவில் அவளுக்குச் சால்வை போட்டார்கள். அதற்குப் பிறகு மற்றவர்களைப் போலவே அவளும் அந்தத் தேதியை நம்பிவிட்டாள். தன் கை எழுதியதை அவள் எப்போது நம்பாமல் இருந்தாள்?

விரல் விட்டு எண்ணினாள். ஒன்பது மாசம் ஆறு நாள். கொலை நடந்தபோது அவனுக்குப் பதினெட்டு ஆக இன்னும் மூன்று மாதம் ஒன்பது நாள்.

சின்னதுரை சொன்னதை ஊரே கேட்டிருந்தது. பதினெட்டு ஆகாதவன் எதைச் செய்திருந்தாலும் தூக்குக் கிடையாது. சாகிறவரை வெளியே விடாத ஜெயிலும் கிடையாது. சட்டம் அப்படி. டீக்கடையில் பாதிப் பேர் அது பைத்தியக்காரச் சட்டம் என்றார்கள், மீதிப் பேர் அவர்கள் சொன்னதையே சத்தமாகச் சொன்னார்கள். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஜெயசுதாவும் போன வாரம் அதையேதான் சொல்லியிருந்தாள்.

நடராசன் கதவருகே நின்றிருந்தார். அவருக்கும் தம்பி மாதிரிதான் வீரமணி. அவர் அன்று வாயைத் திறந்தார், அதுவே ஒரு விசேஷம்.

"கரையான் தின்னுடுச்சுன்னு சொல்லிரு."

ஜெயசுதா கண்ணாடியைக் கழற்றினாள். தன் நோட்டைக் கரையான் தின்றது என்று ரேஷன் கடையில் சொல்லுவதா? முப்பது வருஷமாக வேப்பிலையும் கற்பூரமும் போட்டு வைத்த பெட்டி. இவ்வளவுதானா உன் லட்சணம் என்று அந்த இருபது பேரும் கேட்கமாட்டார்களா? நியாயத்துக்கு முன்னால் வறட்டு கௌரவம்தான் அவளைப் பிடித்து நிறுத்தியது. இதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், ஆனால் அதுதான் உண்மை. நியாயம் பின்னாலேயே வந்தது. ஆறின சோற்றைப் பிசைந்துகொண்டே ஒன்றை யோசித்தாள். சத்துமாவு அளக்கும்போது மூன்று வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயது அளவைப் போட்டால், தின்ற பிள்ளை கழிந்து சுருண்டு விழும். அப்படி ஒருத்தி அளந்ததற்காக அடுத்த ஊர்ப் பால்வாடிக்காரியைப் பற்றி இவளே மேலே எழுதிப் போட்டிருக்கிறாள். மாவுக்கே வயது பார்க்கிறவள் கயிற்றுக்குப் பார்க்காமல் விடுவதா?

மறுநாள் ரேஷன் கடைக்குப் போகவில்லை. நோட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, விடிந்ததும் முதலில் மலர்கொடி வீட்டுக்குத்தான் போனாள். சொல்லாமல் செய்தால் அது துரோகம், சொல்லிவிட்டுச் செய்தால் அது முறை என்று அவளுக்கு ஒரு கணக்கு.

பால் சொசைட்டி கேட்ட சண்டை அதுதான்.

*

ஊர் இரண்டாகவில்லை. ஊர் ஒன்றாகத்தான் நின்றது, அவளுக்கு எதிராக.

தம்பியைக் கொன்றவனுக்குச் சாட்சி சொல்லப்போகிறாள் என்றார்கள். வேணி எதையோ கொடுத்திருப்பாள் என்று ஒருத்தி சொன்னாள். வேணியிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்று அவளே யோசித்துவிட்டு, செய்வினையாக இருக்கும் என்றாள். ஜெயசுதாவின் சிநேகிதி பச்சையம்மாள், கூட்டுறவு வங்கி வாசலில் வைத்து நல்ல முறையில் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பையன் வெளியே வந்து இன்னொரு மண்டையை உடைத்தால் அந்தப் பாவம் யாருக்கு என்று கேட்டாள். அதற்கு ஜெயசுதாவிடம் பதில் இல்லை. பதில் இல்லாததை அவள் ஒப்புக்கொண்டாள் என்பதைப் பச்சையம்மாள் இன்றுவரை நம்ப முடியாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் ஊர் உண்மையில் கொதித்தது வேறு விஷயத்துக்கு. லிஸ்டில் அதே தேதி விழுந்த மற்ற ஆறு பேர். ஒருவன் போலீஸ் வேலைக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தான், வயது மாறினால் என்ன ஆகுமோ என்று அவன் அப்பா வாசலில் வந்து நின்றார். ஒரு பெண்ணுக்குச் சர்டிபிகேட் கணக்குப்படி பதினெட்டு முடிந்த மறு வாரமே கல்யாணம் முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் மூன்று நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. ஒரு கொலைகாரனுக்காகத் தங்கள் வீட்டு நோட்டையெல்லாம் கிளப்புகிறாளே என்பதுதான் அவர்கள் ஆத்திரம். எல்லாரிடமும் ஜெயசுதா ஒன்றையே சொன்னாள். எழுதினது நான், கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் போங்கள்.

வீட்டில் மகள் பிரவீணா இருந்தாள். அவளுக்கும் வீரமணி மகன் முத்தமிழுக்கும் சின்ன வயதிலேயே பேசி வைத்தது. தகப்பன் செத்த வருஷம் கழிந்து தையில் முடிப்பதாக இருந்தது. ஜெயசுதா மகளை உட்காரவைத்து, மலர்கொடி சொன்னதை அப்படியே சொன்னாள். முதல் முறையாக ஒரு விஷயத்தில் அடுத்தவர் அபிப்பிராயம் கேட்கிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். பிரவீணா கொஞ்ச நேரம் போனைப் பார்த்தாள்.

"எனக்காக யோசிக்காதம்மா. போயி உள்ளதைச் சொல்லிட்டு வா."

மகளை வளர்த்த விதத்தை நினைத்து ஜெயசுதாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நடராசன் எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு, வழக்கம் போல வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

*

மாசி மாதம் ஒரு புதன்கிழமை. பெரம்பலூர் கோர்ட்டில் அன்று ஊரிலிருந்து இரண்டு வேன். ஒரு கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பேர் போனதில்லை.

கூண்டில் ஏறும்போது ஜெயசுதா மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். எதிரே பரணிதரன் போலீஸுக்கு நடுவில் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். வளர்ந்திருந்தான், ஆனால் மஞ்சள் கோட்டைத் தாண்டவில்லை. அவள் கண் முதலில் அதைத்தான் பார்த்தது.

சின்னதுரை கேட்டதற்கெல்லாம் தேதி, கிலோ, கிராம் என்று சொன்னாள். டாக்டர்கள் எலும்பைப் படம் எடுத்துப் பதினேழிலிருந்து பத்தொன்பதுக்குள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள், அதைக் கேட்டு அவளுக்கு உதட்டோரம் கோணியது. பிறகு அரசு வக்கீல் எழுந்தார். அவர் கையில் பழைய பேப்பர் ஒன்று இருந்தது.

இந்த அட்டையைப் பிடித்திருப்பது நீங்கள்தானே என்றார். ஆமாம் என்றாள். எழுத்தும் உங்களுடையதா என்றார். அதில் என்ன சந்தேகம் என்றாள்.

"அப்ப தூக்குக் கேட்டீங்க. இப்ப மனசு மாறிட்டீங்களா?"

"மனசைப் பத்திச் சொல்ல நான் வரலீங்க. தேதியைப் பத்திச் சொல்ல வந்தேன்."

"அன்னிக்கு ஸ்கூலுக்குப் பொய் எழுதிக் கொடுத்தேன்னு நீங்களே சொல்றீங்க. இன்னிக்குச் சொல்றது மட்டும் நெசம்னு எப்படி நம்புறது?"

பின்னால் மலர்கொடி உட்கார்ந்திருந்தாள். ஜெயசுதா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஜட்ஜம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"பொய்யை ஒரு தடவை எழுதினேங்க. நெசத்தை நாப்பத்தெட்டு தடவை எழுதியிருக்கேன். புள்ள வராத ரெண்டு மாசம் வரலைன்னே எழுதியிருக்கேன். அது யாருக்கும் காட்ட எழுதினது இல்லீங்க, என் வேலைக்கு எழுதினது. எனக்குத் தண்டனைன்னா அந்த ஒரு தடவைக்குக் கொடுங்க."

ஜட்ஜம்மா நோட்டை வாங்கி ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

வெளியே வராண்டாவில் பையனைக் கூட்டிக்கொண்டு போகும்போது, அவன் "டீச்சர்" என்றான். ஜெயசுதா நின்றாள். "ஒனக்காக வரலடா. நீ செஞ்சதுக்கு நீ இருந்து அனுபவி" என்று சொன்னாள். அப்போது அவள் கண் கலங்கியது என்று ஒரு வேனில் வந்தவர்களும், இல்லவே இல்லை என்று இன்னொரு வேனில் வந்தவர்களும் சொல்கிறார்கள். அந்தச் சர்ச்சை இன்னும் தீரவில்லை.

*

நோட்டைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. பரணிதரன் கேஸைப் பிரித்துச் சிறுவர்களுக்கான கோர்ட்டுக்கு அனுப்பினார்கள். குற்றம் உறுதியானது. இருபத்தொரு வயது வரை பாதுகாப்பு இல்லம், அதற்குப் பிறகு ஆள் திருந்தியிருக்கிறானா என்று பார்த்துத்தான் மீதி ஜெயிலா வெளியேவா என்று முடிவு. அடித்தவனுக்கே தூக்கு இல்லை என்றான பிறகு கூட நின்றவர்களுக்கு எப்படித் தூக்குக் கேட்பது? மற்ற இரண்டு பேருக்கும் ஆயுள். ஒரு நோட்டால் மூன்று கயிறு போனது என்று மலர்கொடி சொன்னாள். ஜெயசுதா அதை மறுக்கவில்லை.

அவளுக்கு ஆபீஸிலிருந்து மெமோ வந்தது. நாலு பக்கம் பதில் எழுதினாள், மார்ஜின் போட்டு. ஒரு வருஷ இன்கிரிமென்ட்டை நிறுத்திவிட்டு, அவளை அரியலூர்ப் பக்கம் மாற்றினார்கள். போய்ச் சேர்ந்த முதல் வாரமே அங்கே முன்னால் இருந்தவள் எழுதின கணக்கில் பதினாலு தப்புக் கண்டுபிடித்துவிட்டாள்.

வேணி பாத்திர பண்டங்களை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு கல்லங்குறிச்சிக்குப் பக்கத்தில் தாய் வீட்டோடு போய்விட்டாள். மாதம் ஒருமுறை இல்லத்துக்குப் போய் மகனைப் பார்க்கிறாள். அவன் அங்கே வயரிங் படிக்கிறானாம். மலர்கொடி வெங்காயக் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அரும்பாவூரில் அண்ணன் வீட்டோடு இருக்கிறாள். அந்தப் பட்டறை இடத்தைப் பார்க்கவே அவளுக்கு முடியவில்லை என்கிறார்கள். முத்தமிழுக்கு ஆவணியிலேயே கல்யாணம், பெண்ணும் அரும்பாவூர்தான். ஜெயசுதாவுக்குப் பத்திரிகை வரவில்லை.

பிரவீணா கதைதான் ஊர் சிரித்த கதை. அரியலூரில் சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்டில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் ராஜேஷ் என்கிற பையனோடு அவளுக்கு இரண்டு வருஷமாகப் பழக்கம். அம்மாவைக் கோர்ட்டுக்கு அவள் அவ்வளவு தைரியமாக அனுப்பியதன் காரணம் தையில் தெரிந்தது. ஜெயசுதாவுக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது, நடராசனுக்குத் தெரியும். தெரிந்த மறுநாள் ஜெயசுதா மாப்பிள்ளையின் பிறந்த தேதிக்கு எந்தச் சர்டிபிகேட் இருக்கிறது என்று கேட்டாள். ஆஸ்பத்திரிச் சீட்டே இருந்தது. சம்மதித்தாள்.

கல்யாணம் அரியலூர் மண்டபத்தில். தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டியவன் வீரமணி, அவன் இல்லை. அந்த இடத்தை யாரை வைத்து நிரப்புவது என்று பேசிக்கொண்டிருந்தபோதே, முத்தமிழும் அவன் புதுப்பெண்டாட்டியும் தாம்பாளத்தோடு வாசலில் நின்றார்கள். பட்டுப்புடவை, வளையல், பழம், மாலை என்று முறைப்படி எல்லாம் இருந்தது. மலர்கொடி வரவில்லை. ஜெயசுதா தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். உங்கள் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நல்லா இருக்காங்க அத்தை என்றான் முத்தமிழ். சாப்பிட்டுவிட்டுப் போகும்படி சொன்னதற்கு, பஸ் இருக்கிறது என்றான்.

தாலி கட்டி முடிந்ததும் இரண்டு பேரும் சாப்பிடாமல் அரும்பாவூருக்குக் கிளம்பிவிட்டார்கள்.